டைமிங் டயகிராமில் பல்ஸை எடிட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைமிங் டயகிராம் என்பது சிக்னல்கள் எந்த நேரத்தில் 0, எந்த நேரத்தில் 1 என்று காட்டும் படம். அதை வரையும் மென்பொருளில் பல்ஸைப் போடுவது, நீட்டுவது, நகர்த்துவது, அழிப்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மெனுவின் பெயரும் மவுஸ் பழக்கமும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், ஆனால் உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கொஞ்சமாகவும், அழுத்தினால் உள்ளே என்ன மாறுகிறது என்பதை அதிகமாகவும் எழுதியிருக்கிறேன்.

பல்ஸ் என்பதை மென்பொருள் எப்படிப் பார்க்கிறது?

நம் கண்ணுக்கு அது ஒரு மேடு. மென்பொருளுக்கு மேடு என்று எதுவும் கிடையாது. "10 நானோசெகண்டில் இந்த சிக்னல் 1 ஆனது, 25-ல் 0 ஆனது" என்ற இரண்டு குறிப்புகள்தான் அதனிடம் இருக்கின்றன. மேடு என்பது அந்த இரண்டு மாற்றங்களுக்கு, அதாவது எட்ஜ்களுக்கு, நடுவில் தெரியும் படம். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் பாதிக் குழப்பம் வரவே வராது, ஏனென்றால் நீங்கள் செய்யும் எந்த எடிட்டும் கடைசியில் ஒரு எட்ஜையோ இரண்டு எட்ஜையோ தொடுவதுதான். எதைத் தொடுகிறோம், அதோடு வேறு என்ன கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு நொடி பார்த்துவிட்டு இழுங்கள்.

புதிதாக ஒரு பல்ஸைப் போடுவது எப்படி?

மூன்று வழி உண்டு, உங்கள் மென்பொருளில் இவற்றில் ஒன்றாவது கட்டாயம் இருக்கும்.

முதல் வழி, இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போவது. மேலே ஹை (1), லோ (0), ட்ரைஸ்டேட் (கோட்டை யாரும் இயக்காத நிலை) என்று பொத்தான்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்துவிட்டு சிக்னலின் வரிசையில் எங்கே கிளிக் செய்கிறீர்களோ அதுவரை அந்த நிலை நீளும். சினாப்டிகேட் வகை எடிட்டர்களில் ஹை போட்டதும் அடுத்தது லோ என்று பொத்தான் தானாக மாறிக்கொள்ளும், அதனால் கிளிக் கிளிக் என்று போய்க்கொண்டே இருந்தால் பல்ஸ் வரிசை வந்துவிடும்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே இருக்கும் நீண்ட லோ பகுதிக்குள் மவுஸால் ஒரு துண்டைத் தேர்ந்து அதை மட்டும் ஹை ஆக்குவது. டிஜிட்டல் சர்க்யூட் வடிவமைக்கும் மென்பொருளான குவார்ட்டஸின் வேவ்ஃபார்ம் எடிட்டரில் சோதனை உள்ளீடு தயாரித்தவர்களுக்கு இது கைவந்த பழக்கம்: தேவையான நேரத் துண்டை இழுத்துத் தேர்வு செய், 1 என்ற பொத்தானை அழுத்து, முடிந்தது. இருக்கிற டயகிராமில் ஒரே ஒரு பல்ஸைச் சேர்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை, அக்கம்பக்கத்தில் எதுவும் நகராது.

மூன்றாவது, எழுத்தாகவே தட்டச்சு செய்வது. வேவ்டிராம் இந்த வகை. அதற்குத் தனியாகக் கீழே ஒரு பதில் இருக்கிறது.

ஒரு எட்ஜை இழுத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் சேர்ந்து நகர்கின்றன. ஏன்?

நகர்த்துவதில் இரண்டு விதம் இருக்கிறது, மென்பொருள் இப்போது எந்த விதத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிடித்த எட்ஜ் மட்டும் வலப்பக்கம் நகர்ந்தால் அதன் இடப்பக்கத் துண்டு நீளும், வலப்பக்கத் துண்டு அதே அளவு குறுகும், மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு விதத்தில் அந்த எட்ஜும் அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லா எட்ஜும் சேர்ந்து தள்ளப்படும். பல மென்பொருள்களில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற ஒரு விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும்.

எதை எப்போது பயன்படுத்துவது? பல்ஸின் அகலத்தைத் திருத்தும்போது முதல் விதம். நடுவில் ஒரு காத்திருப்பு நேரத்தைச் சேர்க்கிறீர்கள், உதாரணமாக மெமரி பதில் தர ஒரு கிளாக் (சர்க்யூட்டுக்குத் தாளம் தரும் சிக்னலின் ஒரு சுற்று) கூடுதலாக எடுக்கிறது என்றால், இரண்டாவது விதம். அப்போது தள்ள வேண்டியது ஒரு சிக்னலை மட்டும் இல்லை, அந்த நேரத்துக்குப் பின் உள்ள எல்லா சிக்னலையும் சேர்த்துத்தான். ஒரு சிக்னலை மட்டும் தள்ளிவிட்டு விட்டால் படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் டேட்டா ஒரு கிளாக்கிலும் அதற்கான ரெடி சிக்னல் இன்னொரு கிளாக்கிலும் நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இது சட்டென்று தெரியாது.

அகலம் மாறாமல் பல்ஸை மட்டும் நகர்த்த முடியுமா?

முடியும். எட்ஜைப் பிடிக்காமல் மேட்டின் நடுவைப் பிடித்து இழுத்தால் சில மென்பொருள்களில் இரண்டு எட்ஜும் சேர்ந்து வரும். அப்படி வராவிட்டால் இரண்டு எட்ஜையும் ஒன்றாகத் தேர்ந்து நகர்த்துங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு நேரத்தோடும் ஒரே எண்ணைக் கூட்டித் தட்டச்சு செய்யுங்கள்: 10-க்கும் 25-க்கும் இருந்தது 14-க்கும் 29-க்கும் ஆகட்டும். ஒரு எட்ஜை இழுத்துவிட்டு மற்றதைக் கண் அளவில் இழுப்பதை மட்டும் செய்யாதீர்கள், அகலம் கண்டிப்பாகக் கொஞ்சம் மாறிவிடும்.

இழுத்துச் சரியான எண்ணில் நிறுத்த முடியவில்லை. 17.5 வேண்டும், 17.3 அல்லது 17.8 தான் வருகிறது.

இழுப்பதை விடுங்கள். எட்ஜை இரட்டைக் கிளிக் செய்தால் நேரத்தை எண்ணாகக் கேட்கும் பெட்டி பெரும்பாலும் திறக்கும், அதில் எழுதுங்கள். இழுப்பது வரைவுக்கு, எண்ணை எழுதுவது இறுதிப் படத்துக்கு. நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன், மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

கிரிட்டோடு ஒட்டும் வசதி உதவும், ஆனால் கிரிட் அளவை யோசித்து வைக்க வேண்டும். டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பல்ஸின் அகலம்தான் டேட்டா: 0.4 மைக்ரோசெகண்ட் ஹை, 0.85 லோ என்றால் அது 0; 0.8 ஹை, 0.45 லோ என்றால் அது 1, ஏற்றத்தாழ்வு 0.15 வரை அனுமதி. கிரிட்டை 0.5 மைக்ரோசெகண்டில் வைத்துவிட்டு இழுத்தால் 0.4 போய் 0.5-ல் ஒட்டும், அது எப்படியோ எல்லைக்குள் இருக்கிறது, 0.8 போய் 1.0-ல் ஒட்டும், எல்லை 0.95 தான், ஆக உங்கள் படம் சொல்லும் பல்ஸ் அந்த எல்இடியின் விவரத்தாளுக்கு வெளியே போய்விட்டது. கிரிட்டை 0.05 ஆக்கினால் நான்கு எண்ணும் சரியாக உட்காரும். பொதுவாக, டயகிராமில் வரும் எல்லா நேரத்தையும் மீதியின்றி வகுக்கும் எண்தான் நல்ல கிரிட்.

அப்புறம் கிளாக்கின் பீரியட். 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 10 நானோசெகண்ட், கவலையில்லை. 75 மெகாஹெர்ட்ஸ் என்றால் 13.333 என்று போய்க்கொண்டே இருக்கும். அதை 13 என்று வைத்துக்கொண்டு கையால் எட்ஜ் எட்ஜாக வரைந்தால் 30 கிளாக் முடியும்போது 400-ல் இருக்க வேண்டிய எட்ஜ் 390-ல் நிற்கும். கிட்டத்தட்ட முக்கால் கிளாக் காணாமல் போயிருக்கும். மென்பொருளின் நேர அலகை பிகோசெகண்டில் வைத்து, பீரியடுக்குப் பதில் அதிர்வெண்ணைக் கொடுத்து, மீதியை அதையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கிளாக்கின் எட்ஜை மட்டும் இழுக்க முடியவில்லை.

கிளாக் என்று அறிவித்த சிக்னலுக்கு எட்ஜ்கள் தனித்தனியாகச் சேமிக்கப்படுவதில்லை. அதிர்வெண், டியூட்டி சைக்கிள் (ஒரு சுற்றில் ஹை இருக்கும் பங்கு), தொடங்கும் நேரம் இவற்றிலிருந்து படம் உருவாகிறது. அதனால் ஒரு எட்ஜை மாற்ற இடமில்லை, எண்களை மாற்றினால் எல்லா எட்ஜும் மாறும். நடுவில் இரண்டு கிளாக்கை நிறுத்தி வைப்பது போலக் காட்ட வேண்டுமென்றால் அதைச் சாதாரண சிக்னலாக மாற்றிவிட்டு எடிட் செய்யலாம், ஆனால் மாற்றிய பிறகு அதிர்வெண்ணை மாற்றும் வசதி போய்விடும். ஆகவே நகல் ஒன்று எடுத்து நகலை மாற்றுங்கள். உண்மையில் கிளாக் கேட்டிங்கைத்தான் (எனேபிள் சிக்னலால் கிளாக்கை நிறுத்தி வைப்பதை) காட்டுகிறீர்கள் என்றால், முழுக் கிளாக், எனேபிள், கேட் செய்த கிளாக் என்று மூன்று வரிசையாகப் போடுவது இன்னும் தெளிவு.

எட்ஜை நகர்த்தினால் ரப்பர் போட்டது போலத் திரும்பப் பழைய இடத்துக்கே போகிறது.

அந்த எட்ஜில் ஒரு டிலே கட்டப்பட்டிருக்கிறது, அல்லது அது பூட்டப்பட்டிருக்கிறது. மென்பொருள் பழுதாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வெறும் படம் வரையும் மென்பொருளுக்கும் டைமிங் டயகிராம் மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். டிலே என்பது கட்டளை: "கிளாக் ஏறி 7 நானோசெகண்ட் கழித்து இந்த எட்ஜ் வரும்." கிளாக்கை நகர்த்தினால் இந்த எட்ஜும் பின்னாலேயே வரும், இதைத் தனியாக நகர்த்தினால் வராது. செட்டப், ஹோல்ட் (கிளாக் எட்ஜுக்கு முன்னும் பின்னும் டேட்டா மாறாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரங்கள்) என்பவை காவல்: எட்ஜை நகர்த்தாது, இடைவெளி போதுமா என்று மட்டும் பார்க்கும், போதவில்லை என்றால் சிவப்பாகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். கிளாக் பீரியட் 10 நானோசெகண்ட், ஏறும் எட்ஜ் 20-லும் 30-லும். ஃப்ளிப்ஃப்ளாப் (கிளாக் எட்ஜில் டேட்டாவைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்) டேட்டாவை வெளியே தர அதிகபட்சம் 7 ஆகும், ஆக டேட்டா 27-ல் வரும். அடுத்த ஃப்ளிப்ஃப்ளாப்புக்குச் செட்டப் 2 வேண்டும், ஆக 28-க்குள் வந்திருக்க வேண்டும். 1 நானோசெகண்ட் மிச்சம். இப்போது பீரியடை 8 ஆக்குங்கள். 20-ல் ஏறியது அடுத்து 28-ல் ஏறும், டேட்டா 26-க்குள் வேண்டும், வருவதோ 27. டிலேயும் செட்டப்பும் கட்டியிருந்தால் ஒரே ஒரு எண்ணை மாற்றிய அந்த நொடியில் சிவப்பு தெரிந்துவிடும். எல்லா எட்ஜையும் கையால் இழுத்து வைத்தவருக்கு எதுவும் தெரியாது, படம் பழையபடி அமைதியாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், எட்ஜ் ஓடி ஓடிப் பழைய இடத்துக்கு வந்தால் டிலேயை அழித்துவிட்டு இழுக்காதீர்கள். டிலேயின் எண் தவறா என்று பாருங்கள், தவறென்றால் எண்ணைத் திருத்துங்கள்.

பல்ஸை அழித்த பிறகு அந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது.

ஒரு எட்ஜை இன்னொன்றின் மேல் இழுத்துப் பல்ஸை மூடியிருப்பீர்கள். இரண்டும் சரியாக ஒரே நேரத்தில் விழாமல் 0.01 வித்தியாசம் இருந்தாலும் அங்கே ஒரு மிகக் குறுகிய பல்ஸ் உயிரோடு இருக்கிறது. படத்தில் கோடு, சோதனை உள்ளீடாக ஏற்றுமதி செய்தால் நிஜமான கிளிட்ச், அதாவது வேண்டாத குறும்பல்ஸ். அந்த இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, மேட்டைத் தேர்ந்து டிலீட் விசையை அழுத்துங்கள், அல்லது அந்தத் துண்டையும் பக்கத்துத் துண்டையும் சேர்த்துத் தேர்ந்து லோ ஆக்குங்கள்.

டிலீட் விசையிலும் ஒன்றைக் கவனியுங்கள். சில மென்பொருள்கள் துண்டை அழித்து அந்த நேரத்தையும் எடுத்துவிடும், வலப்பக்கம் உள்ளதெல்லாம் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். பேஸ்ட் செய்வதிலும் இதே கதைதான், நடுவில் நுழைப்பது வேறு, மேலே எழுதுவது வேறு. அழித்ததும் அல்லது ஒட்டியதும் வலது ஓரத்தில் உள்ள கடைசி எட்ஜின் நேரத்தைப் பார்த்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடும்.

வேவ்டிராம் மாதிரி எழுத்தில் வரைவதில் பல்ஸை எப்படி நீட்டுவது?

ஒவ்வொரு எழுத்தும் ஒரு கிளாக் கட்டம், புள்ளி என்றால் "முன்பிருந்த நிலையே தொடரட்டும்". `0.1..0..` என்றால் இரண்டு கட்டம் லோ, மூன்று கட்டம் ஹை, மூன்று கட்டம் லோ. பல்ஸை ஒரு கட்டம் நீட்ட வேண்டுமென்றால் `0.1...0.` என்று ஆக வேண்டும், அதாவது ஹையில் ஒரு புள்ளி சேர்ந்தால் பின்னால் உள்ள லோவில் ஒரு புள்ளி குறைய வேண்டும். குறைக்க மறந்தால் இந்த வரிசை மட்டும் ஒரு கட்டம் நீண்டு, மற்ற சிக்னல்களோடு பொருந்தாமல் போகும். அகலம் மாறாமல் நகர்த்த `0..1..0.`.

எல்லா சிக்னலின் எழுத்து எண்ணிக்கையும் சமமாக இருக்கிறதா என்று ஒரே அகல எழுத்துரு உள்ள எடிட்டரில் பார்ப்பது நல்லது, ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும், கண்ணே கண்டுபிடிக்கும். பஸ்ஸில் (பல பிட் சேர்ந்த சிக்னலில்) சம அடையாளத்தை இரண்டு முறை, `==` என்று போட்டால் அது இரண்டு தனி மதிப்பு, நடுவில் குறுக்கு வெட்டு வரும்; ஒரே மதிப்பு நீள வேண்டுமென்றால் `=.` தான். அரைக் கட்டம் தள்ளி வர வேண்டுமென்றால் அந்த சிக்னலுக்கு ஃபேஸ் கொடுக்கலாம், கட்டமே இரட்டிப்பு அகலம் வேண்டுமென்றால் பீரியடை 2 ஆக்கலாம்.

இதில் நானோசெகண்ட் இல்லை, கிளாக் கட்டம்தான் அளவு. நெறிமுறையை விளக்க அருமையானது. செட்டப் போதுமா என்று சரிபார்க்க இதை நம்ப வேண்டாம்.

பல்ஸை எவ்வளவு அகலத்தில் வரைவது? படம்தானே, பார்க்க நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. உங்கள் படத்தைப் பார்த்து ஒருவர் நிரல் எழுதுவார். எழுத்து எல்சிடிகளில் இருக்கும் ஹெச்டி44780-க்கு எனேபிள் பல்ஸ் 5 வோல்ட்டில் குறைந்தது 230 நானோசெகண்ட், 3 வோல்ட் பக்கம் வந்தால் 450. மின்னழுத்தம் மாறினால் படத்தின் எண்ணும் மாற வேண்டும்.

சிப்புகள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் ஐ2சி இன்னும் நல்ல உதாரணம். 100 கிலோஹெர்ட்ஸ், பீரியட் 10 மைக்ரோசெகண்ட், சரி, பாதி பாதியாக 5, 5 என்று எல்லோரும் வரைகிறார்கள். விதிப்படி லோ குறைந்தது 4.7, ஹை குறைந்தது 4.0. கூட்டினால் 8.7. மீதி 1.3 எங்கே போயிற்று? ஏறுவதற்கு அதிகபட்சம் 1.0, இறங்குவதற்கு 0.3. மொத்தம் சரியாக 10. புல்லப் ரெசிஸ்டர் இழுத்துத்தான் கோடு மேலே போகிறது, அதனால்தான் ஏறுவதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். எட்ஜைச் செங்குத்தாக வரைந்தால் இந்தச் செய்தியே காணாமல் போகிறது. எட்ஜின் சாய்வை அமைக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் ஐ2சிக்கு அதைப் போடுங்கள், அளவுக் கோடுகளையும் சாய்வின் எந்த இடத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்று குறியுங்கள்.

நீண்ட இடைவெளியில் குறுகிய பல்ஸ். இரண்டும் ஒரே படத்தில் தெரிய மாட்டேன் என்கிறதே?

சர்வோ மோட்டார் சிக்னலில் 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 1.5 மில்லிசெகண்ட் பல்ஸ் வரும். அளவுப்படி வரைந்தால் படத்தில் பெரும்பகுதி வெறும் லோதான். நேர முறிவுக் குறியைப் போட்டுச் சுருக்குங்கள், வேவ்டிராமில் அது செங்குத்துக் கோடு `|`. மென்பொருள் சில சமயம் படத்தை மட்டும் சுருக்கும், சில சமயம் நேரத்தையே வெட்டும். முறிவுக்கு அந்தப் பக்கம் உள்ள எட்ஜில் 20 மில்லிசெகண்ட் என்றே காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிமுலேஷனில் இருந்து வந்த விசிடி (சிக்னல் மாற்றங்களைப் பதிவு செய்யும்) கோப்பில் பல்ஸைத் திருத்தலாமா?

ஜிடிகேவேவ் போன்றவை பார்ப்பதற்கானவை, திருத்துவதற்கு இல்லை. விசிடியை இறக்குமதி செய்யும் டைமிங் எடிட்டர் இருந்தால் அதில் திறந்து திருத்தலாம். கோப்பில் இருப்பதும் மாற்றங்களின் பட்டியல்தான்: எந்த நேரத்தில் எந்த சிக்னல் 0, 1, எக்ஸ் (தெரியாத நிலை), இசட் (ட்ரைஸ்டேட்) என்று மாறியது. ஆனால் சிமுலேஷனின் வெளியீட்டைத் திருத்தி "இதுதான் வந்தது" என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். உள்ளீட்டு சிக்னலைத் திருத்தி, திரும்ப ஓட்டி, புதிய வெளியீட்டை எடுங்கள். விளக்கத்துக்காக மட்டும் திருத்துகிறீர்கள் என்றால் கோப்பின் பெயரிலேயே அது திருத்தியது என்று இருக்கட்டும்.

எட்ஜை நகர்த்தினேன், அதோடு இருந்த அம்புக்குறி பழைய இடத்திலேயே நிற்கிறது.

அம்பு எட்ஜில் கட்டப்படவில்லை, படத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒருமுறை என் டயகிராமில் இப்படி நின்றுபோன அம்பைப் பார்த்து, கூட வேலை செய்தவர் தவறான எட்ஜில் சாம்பிள் எடுக்கும்படி எழுதிவிட்டார்; ஒரு முழு நாள் தேடினோம். அதிலிருந்து அம்பை எட்ஜின் மேல் கிளிக் செய்துதான் தொடங்குகிறேன், எட்ஜின் மேல் கிளிக் செய்துதான் முடிக்கிறேன். பிறகு எட்ஜைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் அம்பும் கூடவே வரும். வந்தால் அன்டூ செய்துவிட்டு மேலே போகலாம், வராவிட்டால் அந்த அம்பை அழித்து மறுபடி போடுங்கள்.